நால்வர் நரம்பிசையும் அரங்கக் கவர்ச்சியும்: குரோனோஸ் குழுவை முன்வைத்து

மேலையிசை மரபில் நால்வர் நரம்பிசை எனப்படும் வடிவம் தனித்த மதிப்புடையது. இரண்டு வயலின்கள், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நான்கு கருவிகளே இவ்வடிவத்தின் முழு உடைமை. பாடுவோர் இல்லை, தாளக்கருவி இல்லை, முன்னின்று நடத்தும் இசைநெறியாளரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் ஹைடன் இதனை நிலைபெறச் செய்தார். அவர் இயற்றியவை 68 என்பது இன்று பெரிதும் ஏற்கப்பெற்ற கணக்கு. பீத்தோவன் இயற்றிய பதினாறும் இவ்வடிவத்தின் உச்சம் என மதிக்கப்பெறுகின்றன. அறிவுடையோர் நால்வர் தம்முள் உரையாடுவதைக் கேட்பது போன்றது இவ்விசை என்னும் கருத்தைச் செர்மானியக் கவிஞர் கெதே 1829-இல் எழுதிய கடிதமொன்றில் வெளியிட்டார். அதன் பின்னர் அக்கருத்து இவ்வடிவத்திற்கான இலக்கணம் போலவே வழங்கி வருகிறது.

உரையாடலுக்கு வண்ண விளக்கு எதற்கு, ஒலிபெருக்கி எதற்கு, உடையலங்காரம் எதற்கு என்னும் வினா இவ்விலக்கணத்திலிருந்தே பிறக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் தொடங்கிய குரோனோஸ் நால்வர் குழுவை நோக்கி இவ்வினா நெடுங்காலமாகத் தொடுக்கப்பெற்று வருகிறது. ராக் பாடலும் ஜாஸ் இசையும் ஆப்பிரிக்க இசையும் இந்தித் திரைப்பாடலும் இக்குழுவின் கைகளில் ஹைடன் வகுத்த நான்கு கருவிகளுக்கு இறங்கி வந்தன. செவ்வியல் இசையின் தகுதியைச் சந்தைக்கு ஏற்பத் தளர்த்தியவர்கள் என்பது ஒரு சாரார் கூற்று. முதுமையடைந்த வடிவத்திற்கு உயிரூட்டியவர்கள் என்பது மறுசாரார் கூற்று. முரண்படுவன போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஓர் எடுகோளில் உடன்படுகின்றன: இசை வேறு, காட்சி வேறு என்பதே அது. அவ்வெடுகோள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சில படைப்புகளைக் கொண்டு சோதித்துப் பார்க்க முற்படுகிறது இக்கட்டுரை.

இச்சோதனைக்குத் தமிழ்க் கவிதையியலின் மெய்ப்பாடு என்னும் கருத்தாக்கம் துணைசெய்யக் கூடியது. உள்ளத்து உணர்வு உடல்வழிப் புலப்படுதல் மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதனைப் பொருளதிகாரத்தில் தனி இயலாகவே வைத்தார். உணர்வு அகத்தது, அதன் புலப்பாடு புறத்தது என்று பிரித்துப் புறத்தை இழித்துரைக்கும் போக்கு அங்கில்லை. புலப்படாத உணர்வைச் சுவைப்போர் அறிய வழியில்லை. உணர்வில்லாத புலப்பாடோ மெய்ப்பாடு ஆகாது, வெறும் நடிப்பாய் நின்றுவிடும். ஓர் இசைக்குழுவின் அரங்கக் கவர்ச்சியை அளக்கவும் இதனைக் கோலாகக் கொள்ளலாம். கவர்ச்சி உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, அது இசைப்பனுவலின் உள்ளிருந்து எழுகிறதா, வெளியிலிருந்து போர்த்தப்படுகிறதா என்று கேட்பதே பயனுடையது.

அறையும் அரங்கும்

நால்வர் நரம்பிசை அறையிசை வகையைச் சார்ந்தது. பெருங்குடியினர் இல்லங்களிலும் அரண்மனைக் கூடங்களிலும் சிலர் கூடி வாசிக்கவும் சிலர் கேட்கவும் தோன்றியது அது. எனினும் அறைக்குள் அது நெடுங்காலம் அடங்கியிருக்கவில்லை. வியன்னா நகரில் வயலின் கலைஞர் சுப்பன்சிக், பீத்தோவன் வாழ்ந்த காலத்திலேயே, கட்டணம் செலுத்திக் கேட்கும் பொது நிகழ்ச்சிகளாக நால்வர் இசையை வழங்கத் தொடங்கிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அரங்குகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரம் இருக்கைகளுக்கு மேற்பட்ட மண்டபங்களில், கறுப்புக் கோட்டு அணிந்த நால்வர் அமர்ந்து வாசிப்பதே தூய மரபு என்னும் எண்ணம் வேரூன்றியது. கறுப்புக் கோட்டும் ஒரு வேடமே. இயக்கங்களுக்கு இடையே கைதட்டாமல் அமைதி காப்பதும் பயின்று பெற்ற அரங்க ஒழுங்கே. பழகிப் போனமையால் அது காட்சியாகத் தோன்றாமல் போயிற்று, அவ்வளவே.

குரோனோஸ் குழுவினர் கோட்டை நீக்கினர். 1980-களில் அவர்கள் அணிந்த உடைகளும் முடியலங்காரமும் ராக் இசைக்குழுவினரை நினைவூட்டின. ஒலியமைப்பாளரும் ஒளியமைப்பாளரும் அவர்களுடன் பயணம் செய்தனர். 1978 முதல் 1999 வரை ஹாரிங்டன், ஜான் ஷெர்பா, ஹாங்க் டட், ஜோன் ஜான்ரெனோ ஆகிய நால்வரும் மாறாமல் நிலைத்திருந்தமையால் அத்தோற்றம் குழுவின் முத்திரையாகவே ஆயிற்று. இம்மாற்றங்களுள் உடை மட்டும் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று. அது அக்காலத்து நாகரிகம், காலத்தோடு பழையதாயிற்று. ஒலிபெருக்கமும் ஒளியமைப்பும் அவ்வாறல்ல. அவற்றின் வேர் குழு தோன்றிய கதையிலேயே இருக்கிறது.

கறுப்புத் தேவதைகள்

ஜார்ஜ் கிரம் 1970-இல் இயற்றிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ என்னும் படைப்பை வானொலியில் கேட்டதே ஹாரிங்டன் இக்குழுவைத் தொடங்கக் காரணமாயிற்று. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்க்காலத்தில் எழுதப்பெற்றது என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரையும், 1970 மார்ச்சு 13 வெள்ளிக்கிழமை என்னும் நாளையும் கிரம் தம் கைப்படியில் குறித்தார். பதின்மூன்று பகுதிகளால் ஆன அப்படைப்பின் கட்டமைப்பு முழுவதும் ஏழு, பதின்மூன்று என்னும் எண்களின்மேல் எழுப்பப்பட்டது.

இப்படைப்பு மின்னொலி பெருக்கிய நரம்புக் கருவிகளுக்கென்றே எழுதப்பெற்றது என்பது முதலில் நோக்கத்தக்கது. பின்னாளில் யாரோ ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. முதற்பகுதியில் மின்பூச்சிகளின் இரவு என்னும் தலைப்பின்கீழ் வில்கள் நடுங்கிச் சறுக்கும் ஒலி, வானூர்திகளின் இரைச்சலைக் கேட்போரின் செவிக்குள் செலுத்துகிறது. வாசிப்போர் வேறு பல பணிகளையும் செய்தாக வேண்டும். விரல்களில் தையற்குப்பிகள் அணிந்து நரம்புகளைத் தட்டுகின்றனர், பெருஞ்சேகண்டியை முழக்குகின்றனர், செர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், அங்கேரியன், ஜப்பானியம், சுவாகிலி ஆகிய மொழிகளில் எண்களைக் கிசுகிசுக்கவும் கூவவும் செய்கின்றனர். ஓரிடத்தில் செல்லோ தனித்துப் பாடுகையில், ஏனைய மூவரும் தம் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளைகளின் விளிம்பில் வில்லை இழுக்கின்றனர்.

இதனைக் கண்மூடிக் கேட்பவர் இழப்பது யாது? ஒலி முழுதும் அவருக்குக் கிட்டும். ஆனால் கருவிகளைக் கைவிட்டு எழும் மூவரையும் தனித்துவிடப்பட்ட ஒருவரையும் அவர் காணமாட்டார். அறிவுடையோர் நால்வரின் உரையாடல் என்னும் இலக்கணம் அக்கணத்தில் மேடையிலேயே குலைகிறது. போர் நடக்கும் உலகில் உரையாடல் இயல்பாகத் தொடர முடியாது என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் இடம் அது. இங்குக் காட்சி பனுவலின் ஓர் உறுப்பு. குரோனோஸ் குழு இப்படைப்பை 1990-இல் இசைத்தட்டாக வெளியிட்டது. ஷூபர்ட் இயற்றிய சாவு பற்றிய நால்வரிசையின் சாயலும், இறந்தோர்க்கான இடைக்காலத் திருச்சபைப் பாடலின் மெட்டும் கிரம் படைப்பினுள் பொதிந்துள்ளன. மரபை உதறியவர்கள் என இக்குழுவைச் சாடுவோர், குழுவின் தோற்றுவாயான படைப்பே மரபின் நினைவுகளால் நெய்யப்பட்டிருப்பதைக் கருத்தில் கொள்வதில்லை.

ஒரு சுர இடைவெளி

1986-இல் வெளிவந்த ‘குரோனோஸ் குவார்டெட்’ என்னும் இசைத்தட்டில் ஸ்கல்தோர்ப், சாலினென், கிளாஸ், நான்கரோ ஆகியோரின் படைப்புகளுக்குப் பின் இறுதியாக இடம்பெற்றது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘பர்ப்பிள் ஹேஸ்’. 1967-இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற மின்கித்தார்ப் பாடல் அது. குரோனோஸ் குழுவினர் நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் எழும்போது கூடுதல் உருப்படியாக இதனை வாசிப்பதை வழக்கமாகக் கொண்டனர். குழுவின் அரங்கக் கவர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டுவது இதனையே. இளைஞர்களை மயக்க வைத்த இனிப்பு என்பது இதன்மேல் வைக்கப்பெறும் குறை.

இக்குறையைச் சொல்வோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலின் தொடக்கத்தில் உரத்து ஒலிக்கும் இடைவெளி, ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட தொலைவு. மேலையிசை மரபு இதனை ‘இசையில் சாத்தான்’ என்று பெயரிட்டு அஞ்சியது. கிரம் தம் படைப்பில் சாத்தானின் குறியீடாக எடுத்தாண்டதும் இதே இடைவெளியைத்தான். போருக்கு எதிரான செவ்வியல் படைப்பும், அதே போர்க்காலத்து ராக் பாடலும் ஒரே சுரத் தொலைவின் மேல் நிற்பதைக் குரோனோஸ் குழுவின் தேர்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஹென்ட்ரிக்ஸ் மின்கருவியால் சிதைத்த ஒலியை, வில்லின் அழுத்தத்தாலும் ஒலிபெருக்கத்தாலும் குழுவினர் மீண்டும் படைக்கும்போது, இரு படைப்புகளும் ஒரு தலைமுறையின் ஒரே உணர்வுக்கு இரு மெய்ப்பாடுகளாகின்றன. (கருநாடக இசை பயின்ற செவிக்கு இவ்விடைவெளி அச்சம் தருவதில்லை, கல்யாணி இராகம் இச்சுரத்தைக் கொண்டே மங்கலமாக ஒலிக்கிறது. ஒரு மரபின் சாத்தான் இன்னொரு மரபில் மணப்பந்தலில் அமர்கிறது என்பது ஒப்பியல் ஆய்வாளர்க்குச் சுவையான செய்தி.)

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான மேடைகளில் ஒரே இடத்தில், ஒரே வகையான எதிர்பார்ப்புக்கு விடையாக வாசிக்கப்படும்போது எவ்வுருப்படியும் சடங்காகிவிடுகிறது. முதன்முறை அதிர்ச்சி தந்தது, பின்னர்ப் பாராட்டுக்கான ஏற்பாடாக மாறுகிறது. குரோனோஸ் குழு இவ்வபாயத்திலிருந்து முற்றிலும் தப்பியது எனக் கூற இயலாது.

பாண்ட் குழு: ஓர் எதிர்ச்சான்று

வெளியிலிருந்து போர்த்தப்படும் கவர்ச்சி எத்தகையது என்பதைக் காட்ட, 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவாக்கப்பெற்ற பாண்ட் என்னும் பெண்கள் நால்வர் குழு போதும். நால்வரும் முறையான இசைக்கல்வி பெற்றவர்கள். விரல் தேர்ச்சியில் குறைவில்லை. அவர்களுடைய முதல் இசைத்தட்டான ‘பார்ன்’, போதிய அளவு செவ்வியல் தன்மை அற்றது எனக் கூறப்பட்டுப் பிரித்தானியச் செவ்வியல் இசைத் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டது. அச்செய்தியே விளம்பரமாகி விற்பனைக்கு உதவியது. தரவரிசையாளர் வகுத்த எல்லையை இங்கு ஏற்கவேண்டியதில்லை. நடன இசையின் தாளம் கலந்தது என்பதும் குறையன்று. நான்கு கருவிகளும் பெரும்பாலும் ஒரே மெட்டைப் பகிர்ந்து வாசிக்க, முன்கூட்டியே பதிவான தாளமும் இசைப்பலகை ஒலியும் உருப்படியை நடத்திச் செல்கின்றன என்பதே குறை. நால்வருள் ஒருவர் விலகினும் இசையில் பெரிய இழப்பு நேராது. மேடைக்காட்சியில் மட்டுமே வெற்றிடம் தெரியும். நால்வர் என்னும் எண்ணிக்கை அங்குக் காட்சிக்குரியதாகச் சுருங்கிவிட்டது.

பேச்சின் இசை

குரோனோஸ் குழுவுக்காக ஸ்டீவ் ரைஷ் 1988-இல் இயற்றிய ‘டிஃபரன்ட் டிரெயின்ஸ்’ இவ்வாய்வில் தலையாய இடம் பெறுவது. பெற்றோர் பிரிந்தமையால் 1939 முதல் 1942 வரை நியூயார்க்கிற்கும் லாஸ் ஏஞ்சலிஸிற்கும் இடையே தொடர்வண்டியில் சென்று வந்த சிறுவன் ரைஷ். யூதனாகிய தான் அக்காலத்தில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் வேறு தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டிருப்போம் என்னும் எண்ணமே படைப்பின் கரு. தம்மை வளர்த்த செவிலி, ஓய்வுபெற்ற தொடர்வண்டிப் பணியாளர் ஒருவர், நாசிப் படுகொலையிலிருந்து உயிர்பிழைத்தோர் மூவர் ஆகியோரின் பேச்சை ரைஷ் ஒலிநாடாவில் தொகுத்தார். அப்பேச்சுத் துண்டுகளின் ஏற்ற இறக்கங்களே மெட்டுகளாயின. பெண்களின் குரலை வயோலாவும் ஆண்களின் குரலை செல்லோவும் ஏந்தி வாசிக்கின்றன. மேடையிலிருக்கும் நால்வருடன் முன்னரே பதிவு செய்யப்பெற்ற மூன்று நால்வர் இசைகளும் ஒலிக்கின்றன. வண்டியின் ஊதலொலி முதற்பகுதியில் அமெரிக்கருடையது; இரண்டாம் பகுதியில் ஐரோப்பாவினுடையது, அதனோடு வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலியும் கலக்கிறது.

கெதே கூறிய உரையாடல் இங்கு உண்மையிலேயே மனிதப் பேச்சாகிவிட்டது. ஆனால் பேசுவோர் மேடையில் இல்லை; அவர்களுள் ஒருவர் சொல்லும் இறந்தோர் எங்குமே இல்லை. நால்வரும் அப்பேச்சைத் திருப்பிச் சொல்கின்றனர். விடை கூற அவர்களால் இயலவில்லை. ஒலிநாடாவின் வேகத்திற்கு நால்வரும் கட்டுப்பட்டவர்கள். செவ்வியல் நால்வர் தம்முள் ஒருவரையொருவர் பார்த்து, மூச்சு வாங்கி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிக்கும் உரிமை இங்குப் பறிக்கப்பட்டுள்ளது. வண்டி தன்போக்கில் செல்லும். ஏறியவர் இறங்க இயலாது. கருவிகளை இயந்திரத்தோடு பிணைத்தது புதுமை நாட்டம் என்று மேம்போக்காகக் கொள்வோர் இக்கட்டாயத்தின் பொருளை இழப்பர். இப்படைப்பின் பதிவு 1989-இல் வெளிவந்தது. சிறந்த சமகாலச் செவ்வியல் படைப்புக்கான கிராமி விருதையும் ரைஷுக்குப் பெற்றுத் தந்தது.

கவர்ந்த நெஞ்சம்

இந்திய வாசகர்க்கு நெருக்கமான சான்று 2005-இல் வெளிவந்த ‘யூ ஹாவ் ஸ்டோலன் மை ஹார்ட்’. ஆர்.டி. பர்மன் இசையமைத்த பாடல்களின் தொகுப்பு இது. பர்மன் 1994-இல் மறைந்துவிட்டார். அவர்தம் துணைவியாரும் பாடகியுமான ஆஷா போஸ்லே, எழுபது வயதைக் கடந்த நிலையில், இப்பாடல்களுள் பெரும்பாலானவற்றை மீண்டும் பாடினார். தபலாவில் ஜாகிர் உசேனும், சீன யாழ் வகையான பீப்பாவில் வூ மானும் துணைநின்றனர். ‘சுரா லியா ஹை தும்நே’ என்னும் பாடல் தொடரின் ஆங்கில ஆக்கமே தலைப்பு. திருடப்பட்ட நெஞ்சம் என்பது பொருள்.

மேலைநாட்டார் கீழைநாட்டு இசையைக் கவர்ந்து சென்று மெருகிட்டு விற்கின்றனர் என்னும் வாதத்தை இத்தலைப்பே அழைப்பது போலத் தோன்றும். அவ்வாதம் 1992-இல் வெளிவந்த ‘பீசஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ தொகுப்பை நோக்கியும் எழக்கூடியதே. ஆயின் அத்தொகுப்பின் ஆக்கங்கள் நூபியாவின் ஹம்சா எல் தின், சிம்பாப்வேயின் துமிசானி மராய்ரே போன்ற ஆப்பிரிக்க இசைவாணர்களுடையவை. இசையமைத்தோர் சிலர் பதிவிலும் பங்கேற்றனர். பெயரும் உரிமையும் மறைக்கப்படவில்லை. பர்மன் தொகுப்பில் சிக்கல் இதனினும் நுண்ணியது. பர்மனே பெருந்தழுவலாளர். ‘ஷோலே’ படத்தின் ‘மெஹபூபா’ பாடல் மெட்டு, டெமிஸ் ரூசோஸ் பாடிய பாடல் ஒன்றைத் தழுவியது என்பது பலரும் அறிந்தது. பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் வயலின் வரிசைகளை நிரப்பியவர்களுள் கோவாவைச் சேர்ந்தோர் பலர். திருச்சபைப் பள்ளிகள் வழி ஐரோப்பிய இசைக்குறிப்பைக் கற்றவர்கள். ஐரோப்பாவிலிருந்து கோவாவுக்கும், கோவாவிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கும் சென்ற வில்லும் நரம்பும் யாருடைய உடைமை? திருட்டு என்னும் சொல் இங்குப் பொருளிழக்கிறது. காதற்பாடலில் நெஞ்சைத் திருடியவரைப் பழிப்பது போன்ற விளையாட்டுத்தொனியே எஞ்சுகிறது.

உரிமை பற்றிய வாதத்தில் குரோனோஸ் குழு தப்பினாலும், கலை பற்றிய வாதத்தில் அவ்வாறு எளிதில் தப்பவியலாது. பர்மனின் உயிர் தாளத்திலும் குரலின் குறும்பிலும் ஒலிகளைத் திடீரென மாற்றும் துணிவிலும் உள்ளது. அதனை எட்டுவதற்காகக் குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் கருவிகளை அடுக்கடுக்காகப் பதிந்தும், இசைப்பலகை, சேகண்டி முதலியவற்றைத் தாமே வாசித்தும் ஒரு பேரிசைக்குழுவாய்ப் பெருகினர். ‘பியா தூ அப் தோ ஆஜா’ போன்ற களியாட்டப் பாடல்களில் இப்பெருக்கம் மூலத்தின் நிழலாகவே நிற்கிறது. மூலத்தைக் கேட்டுப் பழகியவர்க்குப் புதிதாகக் கிட்டுவது குறைவு. 1987-இல் வெளிவந்த ‘இஜாசத்’ படத்திற்காகக் குல்சார் எழுதிய ‘மேரா குச் சாமான்’ பாடலில் நிலைமை வேறு. பிரிந்த காதலனிடம் விட்டுவந்த சிறுசிறு பொருள்களைத் திருப்பியனுப்பக் கேட்கும் பெண்ணின் கூற்று அது. யாப்புக் கட்டற்ற அவ்வரிகளுக்கு நரம்புகளின் நீண்ட மூச்சு பொருந்துகிறது. பாடலைப் படைத்தவர் மறைந்தபின், அவர் துணைவியாரின் முதிர்ந்த குரலில் அதே கோரிக்கை எழும்போது, கேட்போர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தொகுப்பில் கவர்ச்சி மிகக் குறைந்த இடம் இதுவே. நெஞ்சைக் கவரும் இடமும் இதுவே.

நால்வர் மாறியபின்

1999-இல் ஜான்ரெனோ விலகினார். அதன் பின் செல்லோ இருக்கை சில முறை கைமாறியது. 2024-இல் ஷெர்பாவும் டட்டும் ஓய்வுபெற்றனர். கேப்ரியேலா டியாசும் அயானே கோசாசாவும் அவ்விடங்களை ஏற்றனர். பழைய நால்வருள் ஹாரிங்டன் மட்டுமே எஞ்சினார். அரங்கக் கவர்ச்சி குறிப்பிட்ட நால்வரின் உடலோடும் தோற்றத்தோடும் பிணைந்தது எனின், அது அவர்களோடு முடிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் 2015-இல் குழு தொடங்கிய ‘ஃபிஃப்டி ஃபார் தி ஃபியூச்சர்’ என்னும் திட்டம் கருதத்தக்கது. பல நாட்டு இசையமைப்பாளர்களிடம் ஐம்பது புதிய படைப்புகளைக் கேட்டுப்பெற்று, அவற்றின் இசைக்குறிப்புகளை எவரும் கட்டணமின்றிப் பெறும்படி குழு வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, 2024 திசம்பரில் மறைந்த ஜாகிர் உசேன் எழுதிய ‘பல்லவி’. கடம் கலைஞர் விக்கு விநாயக்ராமுடன் ‘சக்தி’ குழுவில் இணைந்து தென்னக இசையில் தோய்ந்த தபலா கலைஞர், கருநாடக இசை வடிவமொன்றின் பெயரை நான்கு மேலைநாட்டு நரம்புக் கருவிகளுக்குச் சூட்டினார். தபலாவும் மிருதங்கமும் இன்றி, வில்லையும் விரலையும் கொண்டே அதனை நிகழ்த்த வேண்டும்.

இக்குறிப்பைப் பெற்றுப் பயிலும் மாணவர் குழுவுக்கு ஒளியமைப்பாளர் இரார். ஒலிபெருக்கியும் பெரும்பாலும் இராது. ஒரு வகுப்பறையில் நான்கு இருக்கைகளும் நான்கு குறிப்புத்தாங்கிகளும் மட்டுமே இருக்கும். குரோனோஸ் குழுவின் கவர்ச்சியில் எவ்வளவு பனுவலுக்குள் தங்கியிருக்கிறது என்பது அவ்வகுப்பறையில்தான் தெரியவரும்.